ஒரு ஹப்பில் நான்கு டொங்கிள்: இணைப்பு ஏன் அறுகிறது?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு வரை செல்லும் ஏ4 வீதியில் இருக்கிறது பெல்மதுளை. சுற்றிவரத் தேயிலை, இறப்பர் தோட்டங்கள். 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. போர் அவர்களை அங்கும் இருக்கவிடவில்லை. இங்கே எஞ்சியவர்களையும் வன்னியில் வாழ்பவர்களையும் கடல் கடந்தவர்களையும் இன்று சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு வீடியோ அழைப்புத்தான். பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளையும் இணையத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்தி சேகரிக்க இந்தப் பக்கம் வரும்போது, லயன் வீடுகளிலும் மாலை வகுப்புகளிலும் ஒரே முறைப்பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பழைய கணினி, அதில் ஒரு யூஎஸ்பி ஹப். ஹப்பில் இணைய டொங்கிள், வைஃபை அடப்டர், புளூடூத் அடப்டர், வயரில்லா மவுஸின் ரிசீவர். தனித்தனியே செருகினால் நான்கும் வேலை செய்யும். சேர்த்துச் செருகினால் ஏதாவது ஒன்று விழுந்துவிடும். டொங்கிள் பழுது என்று நினைத்துப் புதியது வாங்குகிறார்கள். நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது சின்னச் செலவல்ல.

பல வேளைகளில் பிழை டொங்கிளில் இல்லை. ஒரே ஹப்பில் இருப்பவை மின்சாரம், தரவுப் பாதை, வானலை ஆகிய மூன்றையும் பங்குபோடுகின்றன. எந்தப் பங்கு போதவில்லை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மின்சாரம்

யூஎஸ்பி 2.0 துவாரம் ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லிஅம்பியர், 3.0 துவாரம் 900 தரும். தனி மின்வசதி இல்லாத ஹப், கணினியிலிருந்து வரும் அந்த ஒரு பங்கையே எல்லாவற்றுக்கும் பிரிக்கிறது. 2.0 விதிப்படி அத்தகைய ஹப்பின் ஒவ்வொரு துவாரத்துக்கும் 100 மில்லிஅம்பியர்தான். மவுஸ் ரிசீவருக்கு அது தாராளம். இணைய டொங்கிளுக்குப் போதாது.

மலைப் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோபுரம் தூரமாக இருந்தால், அல்லது இடையில் மலை மறித்தால், டொங்கிள் தன் சமிக்ஞையை உரத்து அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது கூடுதல் மின்சாரம் இழுக்கும். காலையில் ஓடியது மழை நேரத்தில் அறுவதற்கும், முற்றத்தில் ஓடியது உள்ளறையில் அறுவதற்கும் இது காரணமாகலாம்.

அடையாளம்: அழைப்பின் நடுவே டொங்கிளின் விளக்கு அணைந்து மீண்டும் எரியும், கணினி, சாதனம் கழன்று மீண்டும் இணைந்த ஒலியை எழுப்பும். சில டொங்கிள்கள் மோடமாகத் தெரியாமல் சீடி டிரைவாக மட்டும் தெரியும். அவற்றின் நிறுவல் மென்பொருள் உள்ளேயே இருப்பதால் முதலில் அப்படித்தான் தொடங்கும். மின்சாரம் குறைந்தால் அந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும்.

தீர்வு: இணைய டொங்கிளை ஹப்பில் போடாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டொப் என்றால் பின்பக்கத் துவாரம் நல்லது. துவாரம் போதாவிட்டால், சுவரிலிருந்து தனியே மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்குங்கள்.

தரவுப் பாதை

யூஎஸ்பி 2.0 ஹப்பில் எத்தனை சாதனம் இருந்தாலும், கணினிக்குப் போகும் பாதை ஒன்றுதான். அதன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். இணையத்துக்கு இது போதும். ஆனால் அதே ஹப்பில் வெப்கமராவும் ஓடி, பென்டிரைவிலிருந்து படமும் நகலாகும்போது அழைப்பு தடுமாறலாம். கமராவையும் பென்டிரைவையும் வேறு துவாரத்துக்கு மாற்றுங்கள்.

வானலை

பெரும்பாலான வைஃபை அடப்டர்கள், புளூடூத், வயரில்லா மவுஸ் எல்லாம் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நான்கு பேர் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பேசுவது போன்ற நிலை. யூஎஸ்பி 3.0 ஹப்பும் பென்டிரைவும் தரவு அனுப்பும்போது இதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை விளக்கியது. நீல நிறத் துவாரத்தின் அருகே மவுஸ் திக்குவதற்கு இது ஒரு காரணம்.

தீர்வு மலிவானது. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்சி வயர் வாங்கி, வைஃபை அடப்டரை ஹப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ரூட்டரும் அடப்டரும் இடம் தந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். ஆனால் அது சுவர்களைத் தாண்டுவது குறைவு. 2.4இலேயே இருப்பதானால் 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்ததைத் தெரிவுசெய்யுங்கள்.

விண்டோஸ் அமைப்புகள்

மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விண்டோஸ் சும்மா இருக்கும் சாதனத்தை உறங்க வைக்கும். சில அடப்டர்கள் பிறகு விழிப்பதில்லை. டிவைஸ் மனேஜரில் அடப்டரின் பெயரை இருமுறை சொடுக்கி, பவர் மனேஜ்மன்ட் பகுதியில் கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற தெரிவிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ என்பதற்கும் அதையே செய்யுங்கள்.

விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் மட்டுமே ஒழுங்காக இயங்கும். மடிக்கணினியில் ஏற்கனவே புளூடூத் இருந்து, வெளியிலிருந்தும் ஒன்று செருகியிருந்தால், உள்ளிருப்பதை டிவைஸ் மனேஜரில் செயலிழக்கச் செய்யுங்கள்.

சோதிக்கும் ஒழுங்கு

1. ஹப்பிலுள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள். விழுகிற சாதனத்தை மட்டும் கணினியில் நேரடியாகச் செருகி அரைமணி நேரம் பாருங்கள்.

2. நேரடியாகவும் அறுந்தால் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் அறுந்தால்தான் பழுது சாதனத்தில் இருக்கலாம். இணைய டொங்கிள் என்றால் சிம்மையும் சமிக்ஞையையும் முதலில் பாருங்கள்.

3. நேரடியாக ஓடினால் அதே சாதனத்தை ஹப்பில் தனியே போடுங்கள். அப்போதே அறுந்தால் ஹப்பையும் அதன் வயரையும் சந்தேகியுங்கள்.

4. பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் அறுகிறதோ, சிக்கல் அந்தச் சோடியில். நீட்சி வயரால் தள்ளி வைத்ததும் சரியானால் காரணம் வானலை. தனி மின்சார ஹப்பில் சரியானால் காரணம் மின்சாரம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. கடைக்குப் போக வேண்டி வந்தால், “டொங்கிள் தாருங்கள்” என்பதற்கு முன், உங்களுக்குத் தேவை நீட்சி வயரா, தனி மின்சார ஹப்பா என்று தெரிந்துகொண்டு போங்கள்.