கீழ்ச்சுரமும் அதன் உரிமையும்

ஃபங்கி ஹவுஸ் நடன இசையிற் காலை அசைப்பது ‘பேஸ்’ என்னும் கீழ்ச்சுர ஓட்டமே. இன்று மாணவனொருவன் கணனி மென்பொருளிலே அதனைச் சில நிமிடங்களில் அமைத்துவிடுகிறான். மேல்ஸ்தாயிக்குத் தாவுதல், தாளத்தின் இடைவெளியில் ஒலித்தல், ஒரு சுரத்தைச் சற்றே பிந்தவிடுதல் ஆகியவற்றை அவன் எண்களால் அளந்து சேர்க்கிறான். 1979 இல் சிக் குழுவின் பேர்னாட் எட்வேட்ஸ் இவற்றை விரல்களாலே மீட்டினார்.

அவ்விரல்களுக்குப் பதிலாக இயந்திரமொன்றை விற்க முதலாளிகள் முயன்றதுமுண்டு. யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1981 இல் ரி.பி. 303 என்னும் சிறு கருவியை வெளியிட்டது. தனியே பயிலும் கிற்றார்க் கலைஞனுக்குப் பக்க இசைஞன் வேண்டியதில்லை என்பதே அதன் நோக்கம். ஆனால் அதன் ஒலி கிற்றாரை ஒத்திருக்கவில்லை. 1984 இல் உற்பத்தி நின்றது.

விலைபோகாத அக்கருவி சிக்காகோவின் கறுப்பின இளைஞர் கைக்குப் பழைய பொருளாக வந்தது. பியூச்சர் குழுவினர் ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, வடிகட்டிக் குமிழ்களை இடைவிடாது திருகினர். கருவி முனகிற்று, கீச்சிட்டது, குமுறிற்று. கிற்றாரைப் போலி செய்யத் தவறிய இயந்திரம் தன் சொந்தக் குரலைப் பெற்றது! 1987 இல் அது ‘அசிட் ட்ராக்ஸ்’ என்னும் இசைத்தட்டாயிற்று.

1997 இல் சுவீடனின் புரொப்பெலர்ஹெட் நிறுவனம் அக்கருவியைக் குமிழ்கள் சகிதம் கணனித் திரையிலே வரைந்து, ‘ரீபேர்த்’ மென்பொருளாக விற்றது.

அதே சிக்காகோவில் 1980களில் ஹவுஸ் இசை படைத்த லறி ஹேட், றொபேட் ஓவன்ஸ் இருவரும் தம் பாடல்களின் உரிமைக்காக 2020 இல் வழக்குத் தொடுத்தனர். 2022 இலேதான் அது அவர்களிடம் மீண்டது.