குழியும் மாடியும்: தோல் ஆலைக் கட்டடத்தை வாசித்தல்



சென்னையில் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் குரோம்பேட்டை என்ற பெயரைத் தினமும் கேட்கிறார்கள். 1910-களில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. ஆலை போய்விட்டது. முதலாளி பெயரில் சேம்பர்ஸ் காலனி நிற்கிறது. குழியில் இறங்கியவர்கள் பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் பட்டதில்லை.

குரோம் பதனீட்டை இங்கே சோதித்தவர் சென்னைக் கலைப் பள்ளியின் ஆல்பிரட் சாட்டர்டன். 1903 வாக்கில் அவர் தொடங்கியது பூட்சுக்காக மட்டுமல்ல. கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக்குத் தண்ணீரில் ஊறி அழுகாத தோல் வேண்டியிருந்தது. அரசே ஆலை நடத்தக் கூடாது என்று 1910-இல் இந்தியா மந்திரி மார்லி தடுத்தபின் அந்த ஆலை ரேவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது. எழுதப்பட்ட வரலாறு இந்தத் துரைமாரோடு நின்றுவிடுகிறது. செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, அதே கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்த சேரியின் அறிவு அதில் ஒரு பத்திகூட ஆகவில்லை. ஆகவே ஏட்டை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் படிப்போம்.

பழைய தோல் ஷாப்பு தண்ணீர் பக்கத்தில், ஊருக்கு ஒதுங்கி இருக்கும். தரைமட்டத்தில் ஊறல் தொட்டி, சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைக் குழி. மயிர் உதிர்ந்த தோலை மரக்கட்டையில் விரித்து, வளைந்த கத்தியால் சதையை வழிப்பார்கள். சுண்ணாம்பு கை கால்களை அரிக்கும். ஈரமும் இருட்டும் நாற்றமும் கீழே. காற்றும் வெளிச்சமும் மேலே. பதனிட்ட தோல் காய்வதற்காகத்தான் மாடியில் சாய்பலகைச் சன்னல்கள் வைத்தார்கள், மனிதருக்காக அல்ல. ஈரவேலை யாருக்கு, மெருகேற்றலும் கணக்கும் யாருக்கு என்பதைச் சாதி முன்பே பங்கிட்டிருந்தது. கொத்தனார் அந்தப் பங்கீட்டைச் செங்கல்லில் எழுதினார், அவ்வளவுதான். பட்டைக் குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோலை, குரோம் உப்பு போட்டுச் சுழலும் மர உருளை ஓரிரு நாளில் பதப்படுத்தியது. குழிகள் குறைந்தன, எஞ்சினும் பட்டைவாரும் ஓடும் நீண்ட கொட்டகை வந்தது. சுண்ணாம்புக் குழி மட்டும் இடம் மாறவில்லை. குரோம் உப்பு பட்டுத் தோலில் துளை விழும் புண் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

இதைத் தூத்துக்குடியில் ஏன் பேச வேண்டும்? உரித்த தோல் கெடாமல் ஆலைக்குப் போக உப்பு வேண்டும், தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. உப்பளத்தில் கால் வெடித்து நிற்கிறவரும் சுண்ணாம்பில் கை வெந்து நிற்கிறவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இந்தக் கடற்கரைக்கு இன்னொன்றும் தெரியும்: சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தெடுத்தார்கள். அந்த நாற்றம் முத்தின்மேல் ஒட்டவில்லை, செருப்பின்மேலும் ஒட்டவில்லை. உழைத்தவர் மேல்தான் ஒட்டவைத்தார்கள்.

திண்டுக்கல்லில் இந்த உழைப்பாளிகள் செங்கொடிச் சங்கமாகத் திரண்ட வரலாற்றை டி. செல்வராஜ் நாவலாக்கினார். 'தோல்' 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நெல்லைச் சீமையில் பிறந்து திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்தவர் அவர். தோல் ஷாப்பின் உள்ளே எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அதைப் படிக்க வேண்டும்.

பழைய ஆலைகளைப் பாரம்பரியக் கட்டடமாகக் காப்பாற்றுவோம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். காப்பாற்றட்டும். ஆனால் முகப்பையும் மாடிச் சன்னலையும் மட்டும் புதுப்பித்து, குழிகளை மண் போட்டு மூடிவிட்டால் அது யாருடைய பாரம்பரியம்? ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 விடியுமுன், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலைக்குள் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்குத் தூங்க வேறு இடம் கட்டப்பட்டிருக்கவில்லை.