இருநூறு டொலர் இருக்கிறதா?

கனடாவில் படிக்கப் போகும் நமது பிள்ளைகள் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கென்று 10,000 டொலர் காட்டினால் போதும் என்றிருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. காணியை ஈடு வைத்து, நகையை விற்று பெங்க் பெலன்ஸ் காட்டும் வீடுகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 'பணத்தைக் காட்டு' என்ற இந்தக் கேள்விக்கு அந்த நாட்டில் ஒரு பழைய கதை உண்டு.

1908இல் கனடா, ஆசியாவிலிருந்து வருகிறவர் கையில் 200 டொலர் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. மற்றக் குடியேறிகளிடம் கேட்டது 25 டொலர்தான், குளிர்காலமென்றால் 50. சீனருக்கு 500 டொலர் தலைவரி ஏற்கெனவே இருந்தது. ஜப்பானோடு தனி உடன்பாடு. ஆகவே அந்த 200 யாருக்கு என்பது எல்லோருக்கும் விளங்கியது. இந்தியாவும் நமது இலங்கையும் கனடாவும் அன்று ஒரே பிரித்தானிய முடியின் கீழ் இருந்தன. இந்தியர் வரக்கூடாது என்று வெளிப்படையாக எழுதினால் லண்டனுக்குச் சங்கடம். தொகை எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை!

தாய்நாட்டிலிருந்து இடையில் மாறாமல் நேரடியாக வர வேண்டும் என்றும் ஒரு விதி. இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே கிடைக்காது. 1913 நவம்பரில் நீதிமன்றம் இந்தக் கட்டளைகளின் சொற்களில் குறை கண்டு தள்ளியது. 1914 ஜனவரியில் சொற்களைத் திருத்தி மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அதிலுள்ள ஒரு நிபந்தனையை. அந்த 200 டொலர் வருகிறவரின் சொந்தப் பணமாக, அவர் கையிலேயே இருக்க வேண்டும். ஊர் சேர்ந்து கொடுத்தது, உறவினர் பொறுப்பேற்றது எதுவும் கணக்கில் வராது. இன்று வங்கிக் கூற்றைப் பார்க்கும் அதிகாரி, திடீரென்று வந்து விழுந்த தொகை யாருடையது என்று கேட்பதும் இதே கேள்விதான்.

1914 மே 23இல் கொமகட்டா மாரு கப்பல் 376 பேருடன் வன்கூவர் வந்தது. பெரும்பாலும் சீக்கியர், 24 பேர் முஸ்லிம்கள். கரையிலிருந்த இந்தியர்கள் கப்பல் வாடகைக்கென்று ஆயிரக்கணக்கில் டொலர் சேர்த்தார்கள். ஆனாலும் முன்பே கனடாவில் வாழ்ந்த 20 பேரும், கப்பல் வைத்தியரின் குடும்பமும்தான் இறங்கினார்கள். ஜூலை 6இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டளைகள் செல்லும் என்றது. ஜூலை 23இல் போர்க்கப்பலை நிறுத்தித் திருப்பியனுப்பினார்கள். செப்டெம்பர் 29இல் கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஏறக்குறைய 20 பயணிகள் இறந்தார்கள்.

நேரடிப் பயண விதி நீங்கியது 1947இல். நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016 மே 18இல்.