காணியும் கிணறும்: கொங்குநாட்டில் உடைமையுரிமையும் தொழில் முயற்சியும்

கருவூர்ப் பசுபதீசுவரர் திருக்கோயிலில் கல்வெட்டொன்று உண்டு. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயர் தாங்கிய கொங்கு வேந்தன், வெங்காலநாட்டுக் கம்மாளர்க்கு அளித்த ஆணை அது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாணை கூறுகிறது. இவற்றை அரசன் ஆணையிட்டுத் தரவேண்டியிருந்தது எனின், அதற்கு முன் அவர்களுக்கு இவ்வுரிமைகள் இல்லை, அல்லது மறுக்கப்பட்டிருந்தன என்பது பெறப்படும். கோயிலும் தேரும் செய்த கைகள் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச இயலாதிருந்தன. வீடு இருப்பது வேறு. அவ்வீட்டை விரும்பியவாறு ஆளும் உரிமை வேறு. உடைமையுரிமையின் வரலாற்றை ஆராய்வோர் மறக்கலாகாத வேறுபாடு இது.

‘காணி’ என்னும் சொல் நில அளவையும் குறிக்கும். வழிவழியாக வரும் உரிமையையும் குறிக்கும். கொங்கு வேளாளர் குலங்கள் தத்தமக்குரிய காணியூர்களையும், அவ்வூர்க் கோயில்களில் தமக்குரிய முதன்மையையும் இன்றும் நினைவில் வைத்துள்ளன. ஆயினும் பழைய காணியாட்சி தனியொருவனின் உடைமை அன்று. குலத்தோடும் ஊரோடும் கோயிலோடும் பிணைந்த உரிமை. அது தனிமனிதன் பெயரில் எழுதப்பட்ட பட்டாவாக மாறிய கதையே கொங்குநாட்டின் புதுக்கால வரலாறு எனலாம்.

1792இல் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமாயின. அலெக்சாண்டர் ரீடும் அவர்கீழ்ப் பணியாற்றிய தாமசு மன்றோவும் இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேரே வரி பெறும் முறையை அங்குத்தான் வகுத்தனர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவைப் பகுதியும் கும்பெனியார் கைக்கு வந்தது. இடையில் ஜமீன் முறையும் கிராமக் குத்தகை முறையும் சென்னை மாகாணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டன. 1820இல் மன்றோ ஆளுநரான பின்னரே இரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுவிதியாயிற்று. தீர்வை செலுத்தும்வரை நிலத்தை விற்கவும் அடகுவைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் பட்டாதாரர்க்கு வழி பிறந்தது.

ஆயினும் பட்டா கைக்கு வந்த அளவிலேயே உரிமை முழுமை பெற்றுவிடவில்லை. தொடக்கக்காலத் தீர்வை கடுமையானது. கொங்குநாட்டுக்கே உரிய ஓர் இடர் அதனோடு சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இம்மண்ணில் வானத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. பாறையைப் பிளந்து கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தால்தான் புன்செய் தோட்டமாகும். அவ்வாறு தோட்டமாக்கிய நிலத்துக்கோ கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது. தந்தை தொடங்கிய கிணற்றைத் தனயன் முடிக்க, நீர் ஊறியதும் பயனில் ஒரு பங்கைக் கேட்டு அரசு வந்து நின்றது. உழைப்பின் பலன் உழைத்தவனுக்கு இல்லையெனின் கிணறு வெட்டுவார் யார்?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கொள்கை மாறியது. உழவர் தம் சொந்தச் செலவில் செய்த திருத்தங்களுக்குக் கூடுதல் வரி இல்லை என்னும் நெறியை அரசு ஏற்றது. பின்னர் நடந்த நில அளவையிலும் வரித்திட்டத்திலும் கிணற்றுத் தோட்டங்கள் புன்செய்க்குரிய தீர்வையே பெற்றன. இது கணக்கர் ஏட்டில் நிகழ்ந்த சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் கொங்குத் தொழில்வளத்தின் ஊற்றுக்கண் இதுவே என்று கொள்ள இடமுண்டு. தன் கிணற்று நீர் தனக்கே என்று உறுதிப்பட்ட உழவன் மேலும் ஆழமாக வெட்டத் துணிந்தான்.

கோவை மாவட்டக் கையேட்டை 1887இல் வெளியிட்ட பிரடெரிக் நிக்கல்சன், கிராமக் கடன்பற்றி 1895ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டியது. நிலம் உடையவனுக்கு அதனை ஈடாக வைத்துக் கடன்பெறும் வாய்ப்பாவது உண்டு. உடைமை சிறிதாயின் பலர் கூடி ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்கலாம் என்பது அவர் ஜெர்மானிய கிராம வங்கிகளிலிருந்து கற்ற பாடம். தனியுடைமையும் கூட்டுறவும் ஒன்றையொன்று வெட்டும் வாள்கள் அல்ல என்பதற்குக் கொங்குநாட்டைக் கண்டறிந்த இவ்வதிகாரியின் வாழ்வே சான்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்தில் செழித்த நீளிழைப் பருத்தி அது. பருத்தியைத் தொடர்ந்து அரைவை ஆலைகளும், அவற்றைத் தொடர்ந்து நூற்பாலைகளும் எழுந்தன. இராபர்ட் ஸ்டேன்சு 1888இல் தொடங்கிய ஆலை முன்னோடியாக நின்றது. 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு இலட்சுமி ஆலையை நிறுவினார். வேளாண்குடிகளிலும் வணிகக்குடிகளிலும் பிறந்தோர் தோட்டத்தில் ஈட்டிய பொருளைக் கதிர்களில் முதலிட்டனர். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபோது அது ஆலைகளையும் ஓட்டியது; கிணற்றில் எருது நின்ற இடத்தில் இயந்திரத்தையும் நிறுத்தியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினர். கிணற்றின் தேவையே பட்டறையின் வேலையாயிற்று.

இவ்வாறு ஈட்டிய உடைமை எதற்கு என்னும் வினாவுக்கும் கோவையில் விடை கிடைத்தது. 1926இல் பீளமேட்டுப் பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் தந்தையின் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கு ஒதுக்கினர். கல்லூரிகளும் மருத்துவமனையுமாக இன்று விரிந்து நிற்பது அந்த ஐந்தாம் பங்கே. கொடுக்கும் உரிமையும் உடைமையுரிமையின் ஒரு கூறாகும். தன்னதல்லாததை ஒருவன் கொடுத்தல் இயலாது.

ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். பட்டாவில் பெயர் இல்லாதவர் பலர். தோட்டத்தில் கவலை ஓட்டிய பண்ணையாள், பறியைத் தைத்துக் கொடுத்த மாதாரி ஆகியோர்க்கு அந்நீரில் பங்கில்லை. நிலவுடைமையால் எழுந்த வளம் நிலமற்றோரின் உழைப்பையும் தாங்கியே நின்றது. 1971இல் கோவையில் சிறகடித்த வானம்பாடிக் கவிஞர்கள் உடைமையற்றோரின் பக்கம் நின்று பாடியது இந்த மண்ணின் நினைவிலிருந்து எழுந்ததே.

பெண்ணின் நிலையோ இன்னும் நுட்பமானது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. கொங்கு வட்டார வாழ்வை நாவலாக்கிய முன்னோடி நூல் என அதனை எல்லாரும் போற்றுவர். அதன் நெஞ்சில் இருப்பது ஒரு கைம்பெண், இறந்த கணவனின் நிலப்பங்கைப் பிரித்துக் கேட்கும் கோரிக்கை என்பதைச் சட்ட வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கினோர் குறைவு. இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937இல் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் பங்கு அளித்தது. ஆயினும் அச்சட்டம் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சென்னை மாகாணம் 1947இல்தான் அதனை நிலத்துக்கும் நீட்டித்தது. எனவே நாவல் வெளிவந்த ஆண்டில் நாகம்மாள் போன்ற ஒருத்தி வழக்குமன்றம் சென்றிருந்தாலும் அவளுக்குச் சட்டத்தின் துணை இல்லை. உரிமை இருந்திருப்பின் அவள் கெட்டியப்பன் போன்றோரை நாடியிருக்கமாட்டாள். கதையும் கொலையில் முடிந்திராது. முறையான உரிமை இல்லாத இடத்தில் வன்முறை உரிமையின் வேடம் பூண்டு வரும் என்பதை எந்தப் பொருளியல் நூலையும்விட அந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் ஈரோட்டுப் பெரியாரின் இயக்கம் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் இயற்றியது. தமிழக அரசு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள்.

விடுதலைக்குப்பின் உடைமையுரிமை அரசியல் விவாதமாயிற்று. திருச்செங்கோட்டில் காந்தி ஆசிரமம் அமைத்த இராஜாஜி, கூட்டுப்பண்ணைத் திட்டத்தையும் உரிமங்களின் ஆட்சியையும் எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1961இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என வகுக்கப்பட்டு, 1970இல் 15ஆகக் குறைந்தது. அரசியலமைப்பின் 44ஆம் திருத்தம் 1978இல் சொத்துரிமையை அடிப்படையுரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கி, 300அ பிரிவில் சட்டவுரிமையாக வைத்தது. நிலமற்றோர் இதனை நீதி என்றனர். நிலமுடையோர் பறிப்பு என்றனர். இரு சாராருக்கும் கொங்குநாட்டில் சான்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கு புதிய வடிவம் எடுத்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் உலகச் சந்தையை எட்டியது. கைத்தொழிலாளராக நுழைந்தோர் பலர் முதலாளிகளாக உயர்ந்த, தன்முயற்சியின் பெருமிதக் கதை அது. ஆனால் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி உழவரின் கிணறுகள் உப்பேறின. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். ஆற்றில் கழிவு கலக்கவே கூடாது என 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடும் ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

இதனைத் தொழிலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையிலான பூசல் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. ஒருவன் கிணறு இன்னொருவன் சாயத்தொட்டியின் வடிகாலாக ஆகக்கூடாது என்பதே அவ்வழக்கின் உட்கிடை. அஃதாவது, உழவர் கேட்டது உடைமையுரிமையைத்தான். தடையற்ற தொழில் முயற்சிக்கு அடித்தளம் தனியுடைமை எனின், அவ்வுடைமை அயலான் உடைமையையும் அதே உறுதியுடன் காத்தல் வேண்டும். இல்லையேல் அது முயற்சியின் உரிமையாகாது, வலியோனின் சலுகையே ஆகும்.

கம்மாளர் சுவரின் சாந்திலிருந்து நொய்யல் கிணற்றின் உப்புவரை கொங்குநாடு கேட்டுவந்த வினா ஒன்றே: உழைத்துச் செய்தது யாருக்கு உரியது, அதனைக் காப்பவர் யார்? உடைமையை ஈட்டியோர் சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு உரை வரைந்த ஆர்.கே. சண்முகஞ் செட்டியார் போலத் தமிழையும் பேணினர். உடைமையில்லாதோரின் துயரை நாவலாசிரியரும் கவிஞரும் பேணினர். ஏடுகளிலும் தீர்ப்புகளிலும் பதிவான உரிமைகளை வழக்கறிஞர் காத்துக்கொள்வர். பதிவாகாதவற்றைத் தேடி எழுதும் பணி, நாகம்மாளைப் படைத்த மரபில் வரும் எழுத்தாளர்க்கு உரியது.