ஃபைட்டர் மீனும் ஐஸ்கட்டிப் புழுவும்: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் மீன் வளர்க்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

என் பேத்தி ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறாள். நீல நிறம், நீளமான வால். பெட்டா என்றும் சொல்கிறார்கள். போன வாரம் என் மகன் அதற்கு உறையவைத்த தீனி ஒரு அட்டை வாங்கி வந்தான். மாத்திரை அட்டை மாதிரியே இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் சிவப்பாக ஒரு ஐஸ்கட்டி, அதற்குள் நூல் நூலாகப் புழு. ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டான். என் மனைவி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பேத்தி மட்டும் அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, மீனு குளத்துல இருந்தப்ப இதுக்கு யாரு ஐஸ் குடுத்தாங்க?"

34 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல கேள்வி வகுப்பில் வந்ததில்லை. அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீனின் ஊர். இது சயாம் நாட்டு மீன், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கே இதன் பெயர் பிளா கட். கடிக்கும் மீன் என்று பொருள். ஓடும் ஆற்றைவிட நெல்வயல், வாய்க்கால், புல் மண்டிய சதுப்பு போன்ற ஆழமில்லாத தேங்கிய நீரில்தான் அதிகம் இருக்கும். அந்தத் தண்ணீரில் உயிர்வாயு குறைவு. அதனால் நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கிற ஓர் உறுப்பு இதற்கு உண்டு. வாயைக் கவனித்துப் பாருங்கள், மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேற்பரப்பில் தொங்குகிற கொசுப்புழு, விழுகிற பூச்சி, நீந்துகிற நீர்த்தெள்ளு ஆகியவற்றைக் கவ்வுவதற்கான வாய் அது. பாசி மேய்கிற மீன் அல்ல. சோறு, ரொட்டித்தூள் எல்லாம் இதற்குச் சாப்பாடே அல்ல.

இந்த மீன் வெளியுலகத்துக்குத் தெரியவந்ததில் ஒரு மருத்துவருக்குப் பங்கு உண்டு. தியோடர் கேன்டர், டென்மார்க்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சயாம் மன்னர் மூன்றாம் ராமா சில சண்டை மீன்களை அவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. கேன்டர் 1849-இல் அவற்றைப் பற்றி எழுதினார். ஆனால் அவர் வைத்த அறிவியல் பெயர் வேறோர் இனத்துக்குரியது. லண்டனில் இருந்த மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன் அதைத் திருத்தி, 1910-இல் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயரிட்டார். தாய்லாந்து அரசு 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

மீன் கப்பல் ஏறிவிட்டது. அதன் வயல் கப்பல் ஏறவில்லை. மீன் வளர்ப்பவர்களின் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பின்னால் நடந்ததெல்லாம், அந்த வயலை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர மனிதர்கள் செய்த முயற்சிதான்.

முதல் வழி, குளத்தில் வலை போடுவது. ஐரோப்பாவில் மீன் வளர்த்தவர்கள் குட்டைகளில் நீர்த்தெள்ளை வலை வீசிப் பிடித்தார்கள். டாஃப்னியா என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். துள்ளித் துள்ளி நீந்துவதைப் பார்த்து 1669-லேயே ஸ்வாமர்டாம் என்ற டச்சு அறிஞர் இதை நீரில் வாழும் தெள்ளுப்பூச்சி என்று எழுதிவைத்தார். தாய்லாந்தில் இதன் உறவான சிவப்பு மொய்னாவைச் சிமென்ட் தொட்டிகளில் வளர்த்தே மீனுக்குப் போடுகிறார்கள். நல்ல தீனி. ஓட்டோடு விழுங்குவதால் குடலுக்கும் நல்லது. ஆனால் எல்லாக் காலத்திலும் கிடைக்காது. வலையில் தெள்ளோடு சேர்ந்து மீன்குஞ்சைத் தின்னும் பூச்சிகளும் ஒட்டுண்ணிகளும் வந்துவிடும்.

இரண்டாவது வழி, சாக்கடைப் புழு. டியூபிஃபெக்ஸ். நம் ஊரில் பல ஆண்டுகள் மீன் தீனி என்றாலே இதுதான். கழிவுநீர்ச் சேற்றில் தலையைப் புதைத்து, வாலை ஆட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக இருக்கும். விலை மலிவு, மீன் ஆவலோடு தின்னும், சீக்கிரம் கொழுக்கும். ஆனால் இது எந்தச் சேற்றில் வாழ்கிறதோ அந்தச் சேற்றின் கிருமியையும் நஞ்சையும் சுமந்து வரும். 1984-இல் வுல்ஃப், மார்க்கிவ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். டிரௌட் மீன்களைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துச் சாகடிக்கும் ஒரு நோயின் ஒட்டுண்ணி, தன் வாழ்க்கையின் ஒரு பாதியை டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள்தான் கழிக்கிறது என்பது அது. அந்த நோய் ஃபைட்டருக்கு வருவதல்ல. ஆனால் தீனிப்புழு ஒரு வாகனம், அதில் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் எல்லா மீனுக்கும் பொருந்தும்.

மூன்றாவது வழி உப்பளத்திலிருந்து வந்தது. ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரி, கடலைவிட உப்பான நீரில் வாழ்வது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இதன் இனம் உண்டு. இதன் முட்டை காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும், உப்புநீரில் போட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். 1933-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தைச் சேர்ந்த ஆல்வின் சீல் என்பவரும், 1939-இல் நார்வேயின் ரோலெஃப்சன் என்பவரும் இந்தக் குஞ்சு மீன்குஞ்சுகளுக்கு நல்ல உணவு என்று எழுதினார்கள். 1950-களில் அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரியில் மீன் தீனிக்காகவே ஆர்ட்டீமியாவை அள்ளும் தொழில் தொடங்கியது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அப்போதுதான் பொரித்த குஞ்சின் உடம்பில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும், அதுதான் சத்து. சில மணி நேரம் போனால் அந்தச் சேமிப்பைக் குஞ்சே தின்று தீர்த்துவிடும். வளர்ந்த ஆர்ட்டீமியாவின் உடம்போ பெரும்பகுதி தண்ணீர்தான். அது எதைத் தின்றதோ அதைப் பொறுத்தே அதன் சத்து. அதனால் அதை மட்டுமே போட்டு ஃபைட்டரை வளர்க்கக் கூடாது.

இனி ஐஸ்கட்டிக்கு வருவோம். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தார். அங்கே இனுயிட் மக்கள் பிடிக்கும் மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், பல வாரம் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே இருப்பதையும் பார்த்தார். அவர் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான்: மெதுவாக உறைந்தால் உடம்புக்குள் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி, திசுவைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதம் குறைவு. 1930-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் அவர் முறையில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. மனிதன் தனக்காகக் கண்டுபிடித்ததைப் பிறகு மீனுக்கும் கொடுத்தான். பேத்தி கையில் இருந்த கட்டி அந்த வழியில் வந்ததுதான்.

"குளத்துல யாரும் ஐஸ் குடுக்கல அம்மு. குளத்தையே கொஞ்சம் ஐஸ்ல வெச்சு அனுப்பியிருக்காங்க" என்று சொன்னேன். அவளுக்குப் பிடித்துவிட்டது.

சரி, இந்த வரலாற்றால் என்ன பயன்? கடையில் எதை எடுப்பது என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது.

ஒன்று, முழு உயிரியாக இருப்பதை வாங்குங்கள். நீர்த்தெள்ளு, மொய்னா, கொசுப்புழு, பிளட்வார்ம், ஆர்ட்டீமியா. ஃபைட்டரின் வயல் உணவு முழுப்பூச்சிதான். மாட்டு இதயக் கலவை போன்றவற்றின் கொழுப்பு இந்தச் சின்ன மீனுக்கு ஒத்துவராது.

இரண்டு, ஒன்றையே போடாதீர்கள். வயலில் தினமும் ஒரே உணவு கிடைத்ததில்லை. எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் இரண்டு நாள் நீர்த்தெள்ளு, ஒரு நாள் பிளட்வார்ம், ஒரு நாள் ஆர்ட்டீமியா, இரண்டு நாள் நல்ல குருணைத் தீனி, ஒரு நாள் பட்டினி. மீன் ஆசையாகத் தின்கிறதே என்று தினமும் பிளட்வார்ம் போடுவது, பிள்ளைக்கு மூன்று வேளையும் பக்கோடா கொடுப்பது மாதிரி.

மூன்று, அட்டையைப் பாருங்கள். நல்ல பிளட்வார்ம் சிவப்பாக, புழு தனித்தனியாகத் தெரியும். கறுத்திருந்தாலோ, குழம்பிக் கூழாகியிருந்தாலோ, அட்டைக்குள் பனித்தூள் நிறைய இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஒருமுறை உருகி மீண்டும் மெதுவாக உறைந்ததாக இருக்கலாம். பேர்ட்ஸ்ஐ தவிர்க்க நினைத்த சேதம் அதுதான். மின்சாரம் அடிக்கடி போகிற பகுதியில் கடைக்காரரிடம் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிருமிநீக்கம் செய்தது என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. உறையவைத்தால் பல ஒட்டுண்ணிகள் சாகும், ஆனால் கிருமிகள் எல்லாம் சாகாது. அவை தூங்கும், அவ்வளவுதான்.

நான்கு, ஒரு கட்டி பல மீனுக்கானது. ஒரு ஃபைட்டருக்கு அதில் ஒரு சிறு துண்டு போதும். அதன் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவு என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். கத்தியால் வெட்டி, ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் ஊற்றி உருகவிட்டு, டீ வடிகட்டியில் வடித்து, உடனே கொடுங்கள். ஊறவிட்டால் சத்து தண்ணீரில் கரைந்துவிடும். உருகியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

ஐந்து, கையைக் கழுவுங்கள். பிளட்வார்மின் சிவப்பு நிறப் பொருளே சிலருக்குத் தும்மல், அரிப்பு, மூச்சிரைப்பு தரும். ஃப்ரீசரில் மூடிய டப்பாவில் தனியாக வையுங்கள். எங்கள் வீட்டுச் சமாதான ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து அது.

வாளியில் கொசுப்புழு பிடித்துப் போடலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் சிறுவயதில் அப்படித்தான் செய்தோம். டெங்கு இருக்கிற காலத்தில் வீட்டில் தண்ணீரைத் தேக்கிக் கொசு வளர்ப்பது தப்பு. அதற்கும் இந்த ஐஸ்கட்டிதான் மாற்று.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

1983. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன். அங்கே ஒரு சிவப்பு ஃபைட்டர் வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு ஏழாம் வகுப்பு ஜன்னலில் வைத்தேன். பிள்ளைகளுக்கு அதன்மேல் உயிர். பொங்கல் விடுமுறை வந்தது. நான்கு நாள் பட்டினி கிடக்குமே என்று, பொட்டலத்தில் இருந்த டியூபிஃபெக்ஸ் முழுவதையும் பாட்டிலில் கொட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நாறியது. மீன் செத்து மிதந்தது.

இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு பையன் அழுதுகொண்டே கேட்டான்: "பசியில செத்துடுச்சா சார்?"

"ஆமாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

வளர்ந்த ஃபைட்டர் நான்கு நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். அந்த அளவு புழு செத்து அழுகிய தண்ணீரைத்தான் தாங்காது. எனக்கு அன்றே தெரியும். காரணம், விளைவு என்று தினமும் கரும்பலகையில் எழுதுகிறவன், கண்ணெதிரே நடந்த ஒன்றுக்குப் பொய்க் காரணம் சொன்னேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்த உயிரை வளர்த்தாலும் பசிக்குமே என்று பயந்து அள்ளிக் கொட்டியிருப்பானோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

என் பழைய மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அந்த ஏழாம் வகுப்பில் யாராவது இருந்தால், தம்பி, அது பசியில் சாகவில்லை. நான் போட்ட சாப்பாட்டில் செத்தது. 40 வருடம் தாமதமாகத் திருத்துகிறேன். மன்னித்துக்கொள்.

நேற்று பேத்தியிடமும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வெட்டிவைத்த துண்டை எடுத்து, அதையும் பாதியாக்கிவிட்டு, "இது போதும்ல தாத்தா?" என்றாள்.

போதும்.