ஏழு பந்துகளும் ஒரு சந்தேகமும்

1931 ஏப்ரல் 2. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துச் சாட்டனூகா நகரம். உள்ளூர் லுக்அவுட்ஸ் அணிக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் பேஸ்பால் காட்சி ஆட்டம். முதல் பிட்சரின் பந்துகளை இரண்டு பேர் அடுத்தடுத்து அடித்ததும், பதினேழு வயது ஜாக்கி மிச்செல் பந்து வீச அழைக்கப்பட்டார். எதிரே பேப் ரூத். நான்காவது பந்தில் அவர் அவுட். கோபத்தில் மட்டையை வீசியெறிந்தார். அடுத்து வந்த லூ கெரிக் மூன்று பந்துகளையும் தவறவிட்டார். மூன்றாமவரான டோனி லசேரி அவுட்டாகாமல் முதல் தளத்துக்கு நடந்தார். உடனே ஜாக்கியை மாற்றிவிட்டார்கள். யாங்கீஸ் 14-4 என்று வென்றது.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரே கேள்வி: அது நாடகமா? கேள்விக்குக் காரணம் இல்லாமலில்லை. அணித் தலைவர் ஜோ எங்கல் விளம்பர வித்தைகளுக்குப் பேர்போனவர். ஆனால் ஜாக்கி இடதுகைப் பிட்சர். ரூத்தும் கெரிக்கும் இடதுகை ஆட்டக்காரர்கள். இடதுகைக்கு இடதுகைப் பந்து சிரமம் என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம். அதிலும் அவர்கள் முன்பின் பார்த்திராத வீச்சு. பக்கத்து வீட்டில் வசித்த பிரபல பிட்சர் டாஸி வான்ஸ் சிறுவயதில் அவருக்குக் கற்றுத்தந்த, மட்டையருகே சட்டென்று கீழிறங்கும் பந்து அது. ஆட்டம் உண்மையானதே என்று ஜாக்கி கடைசிவரை சொன்னார்.

பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதற்கு ஆவணம் கிடைக்கவில்லை. உத்தரவே தேவைப்படாமல்கூட ஒரு பெண்ணை வெளியே நிறுத்திவிட முடியும். பிறகு அவர், தாடிக்கார ஆண்களின் ஹவுஸ் ஆஃப் டேவிட் அணியோடு ஊர் ஊராகச் சுற்றினார். சில நேரம் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டார். கழுதைமேல் உட்கார்ந்து பந்து வீசவும் கேட்டார்கள். 1937இல், 23 வயதில், வேடிக்கைப் பொருளாக இருந்தது போதுமென்று ஆட்டத்தை விட்டு, தந்தையின் கண் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1952இல் ஹாரிஸ்பர்க் அணி எலினார் எங்கிள் என்ற பெண்ணைச் சேர்த்தபோது, பெண்களை ஒப்பந்தம் செய்யவே கூடாது என்று மைனர் லீக் நிர்வாகம் தடை போட்டது. பெண்களால் ஆட முடியாது என்பது உறுதியென்றால் தடை எதற்கு?

ஜாக்கி எவ்வளவு நல்ல பிட்சர்? இரண்டு அவுட்டையும் ஒரு நடையையும் வைத்து யாரையும் எடைபோட முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஓர் இளைஞனுக்கு ஒரு பருவம் முழுக்க வாய்ப்பு தருகிறார்கள். ஜாக்கிக்குக் கிடைத்தவர்கள் மூன்றே ஆட்டக்காரர்கள்.