குருட்டுக் கொக்கும் அதன் உறவினரும்

பிழைப்பை நாடி வேறு மாநிலங்களில் குடியேறிய நமக்கு, சொந்த ஊரின் குளக்கரையை நினைவூட்டும் பறவை ஒன்று ஏறக்குறைய எங்கும் உண்டு. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நீரோரத்தில் அசையாது நிற்கும் மடையான்தான் அது. குருட்டுக் கொக்கு என்றும் அதனை அழைக்கிறோம். இந்தியில் அதன் பெயர் 'அந்தா பகுலா'. வங்காளத்தில் 'கானி பக்'. சிங்களத்தில் 'கண கொகா'. இப்பெயர்கள் யாவும் கண்ணின் குறையையே குறிக்கின்றன. ஆள் மிக நெருங்கும் வரையில் அது பறப்பதில்லை. ஆகவே மக்கள் அதனைக் குருடு எனக் கருதினர். உண்மையில் அது தன் மண்நிறத்தை நம்பி நிற்கிறது. காணத் தவறுவது நம் கண்ணேயாகும்.

இக்கொக்கும் இதனையொத்த இனங்களும் விஞ்ஞான நூல்களில் இடம்பெற்ற வரலாறு கவனிக்கத்தக்கது. சாவகத் தீவில் ஆராய்ச்சி நடத்திய மருத்துவர் தாமஸ் ஹார்ஸ்பீல்டு, அங்குள்ள இனத்திற்கு 1821-இல் பெயரிட்டார். பம்பாய்ப் படையைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ், தக்காணத்துப் பறவைகளைத் தொகுத்தபோது, 1832-இல் நம் மடையானை விவரித்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் விலங்கியல் அறிஞர் ஜான் எட்வர்டு கிரேயின் பெயரை அதற்குச் சூட்டினார். 1855-இல் நெப்போலியனின் உறவினரான சார்லஸ் லூசியன் போனபார்ட், சீன மடையானுக்கு உரோமரின் மதுக்கடவுளான பாக்கஸின் பெயரை வைத்தார். அதன் கழுத்தின் நிறம் மதுவை ஒத்தது.

அக்காலத்து அறிஞர்கள் பறவையைச் சுட்டு, தோலைப் பதனிட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிய சீட்டை அதன் காலில் கட்டி வைத்தனர். எனவே கையிலுள்ள பறவைக்கு இடமும் ஒரு சாட்சியாயிற்று. ஆனால் அஸ்ஸாம், மணிப்பூர், அந்தமான் ஆகிய பகுதிகளில் இந்திய மடையானும் சீன மடையானும் ஒரே வயலில் மேய்கின்றன. அங்கே இடத்தின் சாட்சி பயன்படுவதில்லை.

இனப்பெருக்கப் பருவத்தில் ஐயமில்லை. இந்திய மடையானின் தலையும் கழுத்தும் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, முதுகு கருஞ்சிவப்பு. சீன மடையானுக்கோ தலையும் கழுத்தும் மார்பும் ஆழ்ந்த செம்பழுப்பு, முதுகு கருமை. அப்பருவம் கழிந்தவுடன் இரண்டும் ஒரே உடையை அணிந்து கொள்கின்றன. பழுப்பு முதுகும், கோடுகள் நிறைந்த கழுத்தும், பறக்கையில் விரியும் வெண்சிறகுமே அப்போது தெரிகின்றன. சிறகின் நுனியிலுள்ள கருமையைச் சிலர் சீன இனத்தின் அடையாளமாகக் கொள்வர். ஆயினும் இந்திய மடையான்களிலும் அக்கருமை சில வேளைகளில் காணப்படுவதால், அதனை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தகாது.

சதுப்பிலுள்ள மற்றச் சிறு கொக்குகளைப் பிரித்தறிவது இதனினும் எளிது. பறவை எழும்போது சிறகை நோக்குக. முழுவதும் வெண்மையாயின் அது மடையான். மஞ்சள் கலந்த பழுப்புச் சிறகின் ஓரம் கருமையாயின் அது மஞ்சட்குருகு. சிறகு முழுவதும் ஒரே செம்பழுப்பாயின் அது செங்குருகு. நாணலிடையே குருகுகள் அலகை வானை நோக்கி நிமிர்த்தி அசையாது நின்றுவிட்டால், அவற்றைத் தண்டினின்று பிரித்துக் காண்பது அரிது.

1941-இல் வெளியான சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல், உயிருள்ள பறவையைத் தொலைவிலிருந்து கண்டறியும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் வளர்த்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ வேட்டைக்கு நாடு தழுவிய தடைகளை விதித்தது. இன்று நம்மிடம் துப்பாக்கி இல்லை. தொலைநோக்கியும் குறிப்பேடும் உள்ளன. ஆதலால் பொறுப்பும் மிகுகிறது. கையில் தோல் இருந்தால், பின்வருவோர் அதனை மீண்டும் ஆராய்ந்து திருத்தலாம். தொலைவிலிருந்து கண்டு எழுதிய குறிப்பையோ அவ்வாறு எளிதில் திருத்த முடியாது. ஊகித்தெழுதிய ஒரு பெயர், எவ்வினம் எங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது என்னும் கணக்கையே பிழையாக்கும். எந்தச் சதுப்பைக் காக்க வேண்டும் என்னும் முடிவுக்கு அக்கணக்கும் ஓர் ஆதாரம்.

வடகிழக்கில் வாழும் நம்மவர் குளிர்காலத்தில் இக்கொக்கைக் கண்டால், 'மடையான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. கோடை நெருங்கிக் கழுத்தில் நிறம் ஏறும்போது, அதே கரைக்கு மீண்டும் சென்று பார்க்கலாம்.